நிரப்பிப் பார்த்தல்: சிறுநீர்ப்பைக் காயமும் படுக்கையருகு அல்ட்ராசவுண்டும்

விபத்தில் அடிபட்டு வருபவரின் வயிற்றில், வந்த சில நிமிடங்களுக்குள் அல்ட்ராசவுண்ட் புரோப்பை வைத்துப் பார்ப்பது இன்று உலகின் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பரிசோதனையில் மருத்துவர் பார்க்கும் நான்கு இடங்களில் கடைசியாக வருவது பெரும்பாலும் அடிவயிறு. திரையில் கன்னங்கறுப்பாகத் தெரியும் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அங்கே தேடுவார். அவர் கண் சிறுநீர்ப்பையை ஊடுருவி அப்பால் செல்கிறது. பையின் சுவர் முழுமையாக இருக்கிறதா என்ற கேள்வி அந்த நிமிடத்தில் பெரும்பாலும் எழுவதே இல்லை.

உடலின் உறுப்புகளில் அல்ட்ராசவுண்டுக்கு இவ்வளவு எளிதாகப் பிடிபடுவது வேறொன்றில்லை. அப்படியிருந்தும் அதன் கிழிசல் ஏன் நெடுங்காலம் இந்தக் கருவிக்குத் தப்பியது? விடையில் ஒரு பாதி கருவியின் வரம்பில் இருக்கிறது. மறு பாதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுவை மருத்துவர்களும், பின்னர் எக்ஸ்-ரே நிபுணர்களும், அதற்கும் பின்னர் சி.டி. நிபுணர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பட்டறிந்த ஒரே செய்தியில் இருக்கிறது: பையை நிரப்பாமல் அதன் கிழிசலைக் காண இயலாது. படுக்கையருகு அல்ட்ராசவுண்டின் வரலாற்றை இந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டு தொடர்ந்தால்தான் அதன் இன்றைய பயனும் வரம்பும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

உறுப்பும் கிழிசலும்

வெறுமையாக இருக்கும்போது சிறுநீர்ப்பை இடுப்பெலும்பு வளையத்துக்குள், முன்புற எலும்பின் மறைவில் பதுங்கியிருக்கிறது. நிரம்ப நிரம்ப மேலெழுந்து வயிற்றுக்குள் வருகிறது. அப்போது எலும்பின் காவல் அதற்கு இல்லை. பையின் உச்சிப் பகுதியை மட்டும் பெரிட்டோனியம் என்னும் வயிற்றுறை போர்த்தியிருக்கிறது. சுவரிலேயே வலுக்குறைந்த இடமும் அதுதான். நிரம்பிய பையின் மீது காரின் இருக்கைப் பட்டையோ ஸ்டியரிங்கோ ஓர் உதையோ அழுத்தினால், உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் திடீரென ஏறி உச்சி வெடிக்கிறது. சிறுநீர் நேரே வயிற்றறைக்குள் கொட்டுகிறது. இதை இங்கே உட்கிழிசல் என்போம். இடுப்பெலும்பு முறியும்போது நடப்பது வேறு. வளையம் பிளந்து விலகுகையில் பையைப் பிடித்திருக்கும் தசைநார்கள் இழுபட்டோ, எலும்புத் துண்டு குத்தியோ, வயிற்றுறை போர்த்தாத கீழ்ப்பகுதி கிழிகிறது. கசியும் சிறுநீர் வயிற்றறைக்குள் போகாமல் பையைச் சுற்றியுள்ள திசுக்களிலும், முன்னே ரெட்ஸியஸ் பெயரால் வழங்கும் இடைவெளியிலும் தேங்குகிறது. இது புறக்கிழிசல். மழுங்கிய அடியால் வரும் கிழிசல்களில் ஏறக்குறைய 60 விழுக்காடு புறக்கிழிசல்; 30 விழுக்காடு உட்கிழிசல்; எஞ்சியவருக்கு இரண்டும் சேர்ந்தே நேர்கின்றன.

இந்தப் பாகுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. உட்கிழிசலை அறுவை செய்து தைத்தாக வேண்டும். பெரும்பாலான புறக்கிழிசல்கள் கதீட்டர் போட்டு வடியவிட்டாலே ஆறிவிடும். ஹூஸ்டனைச் சேர்ந்த கொரியேரும் சாண்ட்லரும் 111 நோயாளிகளைப் பற்றி 1986-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவது முடிவுக்கு வலுவான அடித்தளம் இட்டது. கிழிசல் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் சொல்ல வேண்டும் என்ற கடமையை அது பரிசோதனையின் மேல் ஏற்றியது. அல்ட்ராசவுண்ட் இந்தக் கடமையை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அளந்து விட்டு, அளந்து வாங்கிய காலம்

சிறுநீர்ப்பைக் காயம் உயிர்க்கொல்லி என்று ஹிப்போக்ரட்டிசின் மருத்துவ முதுமொழிகளிலேயே ஒரு பதிவு உண்டு. மூளை, இதயம், ஈரல் ஆகியவற்றின் காயத்தோடு ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகள் அந்தத் தீர்ப்பை மாற்ற எவராலும் முடியவில்லை. 1862-இல் பிட்ஸ்பர்க் மருத்துவர் வால்ட்டர், பை வெடித்த ஓர் இளைஞனின் வயிற்றைத் திறந்து, கொட்டிக்கிடந்த சிறுநீரைத் துடைத்தெடுத்துக் காப்பாற்றிய செய்தியை வெளியிட்டார். பையை அவர் தைக்கவில்லை. 1886-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் வில்லியம் மக்கார்மக், உட்கிழிசல் ஏற்பட்ட இருவரின் பையைத் தைத்துப் பிழைக்கவைத்த விவரத்தை லான்செட் இதழில் எழுதினார். அன்றிலிருந்துதான் இந்தக் காயத்தைக் காலத்தோடு கண்டுபிடிப்பதற்குப் பொருள் வந்தது. தீர்க்கவே முடியாத நோயை அவசரமாகக் கண்டறிந்து ஆவதென்ன?

அக்கால மருத்துவரிடம் இருந்தவை விரல்களும் ஒரு வடிகுழாயும். பைக்குள் அளந்த அளவு கிருமியற்ற நீரைச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்து பார்த்தார்கள். குறைந்தால் கிழிசல். கேட்க நேர்த்தியாக இருக்கும் இந்தச் சோதனை நடைமுறையில் இரண்டு வழிகளில் ஏமாற்றியது. குடலோ கொழுப்பு மடிப்போ கிழிசலை அடைத்துக்கொண்டால் விட்ட நீரெல்லாம் திரும்பிவிடும். அதைவிட மோசமானது, குழாயின் நுனியே கிழிசல் வழியாக வயிற்றறைக்குள் நழுவிவிடுவது. அப்போது வயிற்றறையில் தேங்கியதெல்லாம் குழாய் வழியே வர, பை நலமாக இருப்பதாகத் தோன்றும். பையை நிரப்புவதே வழி என்று அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். நிரப்பியது எங்கே போகிறது என்று பார்க்கும் கண் அவர்களுக்கு இல்லை. என் பார்வையில் இன்றைய படுக்கையருகு அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு நேரான மூதாதை இதுதான். எக்ஸ்-ரே இடையில் வந்த பங்காளி.

எக்ஸ்-ரே கொடுத்த கண்

ரோன்ட்கன் தம் கதிர்களைக் கண்டுபிடித்த பத்தாவது ஆண்டில், 1905-இல், ஹைடல்பெர்க் நகரின் ஃபோல்க்கரும் லிக்டன்பெர்க்கும் வெள்ளிக் கூழ்மக் கரைசலைப் பைக்குள் செலுத்தி அதன் வடிவத்தை எக்ஸ்-ரேயில் பதிவுசெய்தார்கள். சிஸ்டோகிராம் பிறந்தது. 1918-இல் சோடியம் அயோடைடு வந்தபின் மலிவான, ஓரளவு பாதுகாப்பான சாய மருந்தும் கிடைத்தது. சாயம் குடல் சுருள்களைச் சூழ்ந்து பரவினால் உட்கிழிசல். இடுப்புக்குள் தீநாக்குகள் போலச் சிதறினால் புறக்கிழிசல். இரண்டையும் பிரித்துக் காட்டும் திறமையில் இன்றுவரை இதற்கு நிகர் சி.டி. சிஸ்டோகிராம் ஒன்றுதான்.

ஆனால் இங்கும் அதே பாடம் மறுபடி படிக்கப்பட்டது. நூறு மில்லிலிட்டர் சாயத்தோடு நிறுத்திக்கொண்ட படங்களில் சிறு கிழிசல்கள் தெரியவில்லை. பையின் தசை சுருங்கிக் கிழிசலை மூடிக்கொண்டது. பெரியவர்களுக்குக் குறைந்தது 300 முதல் 350 மில்லிலிட்டர் விட்டுப் பையை விரிய வைக்க வேண்டும், பின் வடித்துவிட்டு இன்னொரு படமும் எடுக்க வேண்டும் என்ற விதி நாளடைவில் நிலைத்தது. வடித்தபின் எடுக்கும் படம் ஏனென்றால், நிரம்பிய பையின் பின்னால் ஒளிந்திருக்கும் கசிவு அது வெறுமையானதும்தான் வெளியே தெரியும்.

ஊடுருவிப் பார்க்கும் பலகணி

அல்ட்ராசவுண்டின் பொதுவான கதை பலமுறை சொல்லப்பட்டது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட அழுத்த மின்விளைவு, முதல் உலகப்போரில் லாஞ்சவேன் நீர்மூழ்கிகளைத் தேடியது ஆகியவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. நம் பொருளுக்கு இரண்டு நகரங்கள் முக்கியம்.

ஒன்று டென்வர். அங்கே 1950-களில் டக்ளஸ் ஹவ்ரி, போர்விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு வளையத்தைக் கொண்டு ஒரு தண்ணீர்த் தொட்டி அமைத்து, அதற்குள் ஆளை அமர்த்தி உடலின் குறுக்கு வெட்டுப் படங்களை எடுத்தார். அவரோடு உழைத்த மருத்துவர் ஜோசப் ஹோம்ஸ் 1967-இல் சிறுநீர்ப்பையைப் பற்றிய அல்ட்ராசவுண்ட் ஆய்வை வெளியிட்டார். பையையே பார்க்க வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்ட முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. மற்றொரு நகரம் கிளாஸ்கோ. 1958 ஜூனில் லான்செட் இதழில் வந்த இயன் டொனால்ட், ஜான் மக்விக்கர், டாம் பிரவுன் ஆகிய மூவரின் கட்டுரை மகப்பேற்று மருத்துவத்தையே மாற்றியது. சில ஆண்டுகளில் டொனால்ட் குழு இன்னொன்றையும் கண்டது. பெண்ணின் பை நிரம்பியிருந்தால் அது குடலை மேலே தள்ளிவிடும். காற்று நிறைந்த குடல் ஒலியை மறித்துச் சிதறடிக்கும். நீர் நிறைந்த பை ஒலியைத் தடையின்றி விடும். ஆகவே கருப்பையை ஆரம்ப வாரங்களிலேயே பார்க்கப் பையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்களிடம் இன்றும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதன் தொடக்கம் இதுவே.

பயன்மிக்க இந்தக் கண்டுபிடிப்புக்கு நாம் கவனிக்க வேண்டிய ஒரு பக்கவிளைவும் உண்டு. பை ஒரு பலகணியாக நிலைபெற்றது. பலகணி வழியாகப் பார்ப்பவர் அதன் கண்ணாடியில் விரிசல் உண்டா என்று ஆராய்வதில்லை. இந்தப் பழக்கம் மகப்பேற்று மருத்துவத்திலிருந்து விபத்து மருத்துவத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

வயிற்றில் தேங்கிய நீர்

1970-இல் பாரி கோல்ட்பெர்க் குழுவினர் வயிற்றறையில் நூறு மில்லிலிட்டர் அளவுக்குக் குறைந்த நீரையும் அல்ட்ராசவுண்ட் காட்டக்கூடும் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் கிறிஸ்டென்சன் குழு மண்ணீரல் காயத்தில் இதைப் பயன்படுத்தியது. ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் 1970-களின் பிற்பகுதியிலிருந்தே கருவியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில் கிமுராவும் ஓட்சுகாவும் 1991-இல் அவசர மையத்திலேயே செய்யும் பரிசோதனையைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவோ 1965-இல் ரூட் அறிமுகப்படுத்திய முறையிலேயே வெகுகாலம் நின்றது: தொப்புளருகே துளையிட்டுச் சலைன் விட்டு, திரும்பி வரும் நீரில் இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. கிரேஸ் ரோசிக்கியும் சக அறுவை மருத்துவர்களும் 1993-இல் வெளியிட்ட முன்னோக்கு ஆய்வும், அதைத் தொடர்ந்தவையும் நிலைமையை மாற்றின. தொடக்கத்தில் சொன்ன அந்த நான்கு இடப் பரிசோதனைக்கு ஃபாஸ்ட் என்ற பெயர் 1990-களின் நடுவில் பரவியது. 1997 டிசம்பரில் பால்டிமோரில் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு அதற்கு இன்றைய விரிந்த பொருளைத் தந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1999-இல், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிதியில் வேர்கொண்ட சோனோசைட் நிறுவனத்தின் இரண்டரைக் கிலோ எடையுள்ள கையடக்கக் கருவி சந்தைக்கு வந்தது. பரிசோதனை எக்ஸ்-ரே அறையை விட்டு நோயாளியின் கட்டிலருகே வந்துவிட்டது.

ஃபாஸ்ட் எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்று: இருக்கக் கூடாத இடத்தில் நீர் இருக்கிறதா? அது எந்த நீர் என்று அது கேட்பதில்லை. புதிதாகக் கசிந்த இரத்தமும் சிறுநீரும் திரையில் ஒரே கறுப்பு. உட்கிழிசல் உள்ளவருக்கு ஃபாஸ்ட் நீரைக் காட்டும். மருத்துவர் அதை இரத்தம் என்று எடுத்துக்கொள்வார். வட கரோலினாவின் சார்லட் நகரில் தாயலும் சக மருத்துவர்களும் பெரும் இடுப்பெலும்பு முறிவு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படையாக்கியது. ஃபாஸ்ட் சரியாகவே நீரைக் கண்ட நோயாளிகளில் கணிசமானோருக்கு அந்த நீர் இரத்தமாக இருக்கவில்லை, சிறுநீராக இருந்தது. இரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவரிடம் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடும். இடுப்பெலும்பிலிருந்து இரத்தம் பெருகிக்கொண்டிருக்கையில், வயிற்றில் தெரிந்த கறுப்பை நம்பி முதலில் வயிற்றைத் திறந்தால், ரத்தக்குழாயை அடைக்கவோ இடுப்பை இறுக்கவோ செலவிட வேண்டிய நேரம் போய்விடுகிறது.

புறக்கிழிசலில் நிலைமை இதற்கு மாறானது. சிறுநீர் வயிற்றறைக்குள் வருவதே இல்லை. ஃபாஸ்ட் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிடும். எண்ணிக்கையில் கூடுதலான வகை எதுவோ அதையே இந்தப் பரிசோதனை தன் இயல்பினாலேயே காணாமல் விடுகிறது.

அளவும் ஒரு சிக்கல். ஹவ்ரியின் நகரமான டென்வரிலேயே பிரானி குழு 1995-இல் ஒரு நேர்த்தியான ஆய்வு செய்தது. சலைன் விட்டுக் கழுவும் பழைய முறைக்கு உட்பட்ட நோயாளிகளின் வயிற்றில் நீர் ஏறும்போதே, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் எப்போது தெரிகிறது என்று கேட்டார்கள். சராசரியாக 619 மில்லிலிட்டர் ஆன பிறகுதான் தெரிந்தது. 400 மில்லிலிட்டருக்குள் கண்டவர்கள் பத்தில் ஒருவரே. அடிவயிற்றுப் பார்வையை வைத்து 2003-இல் செய்த இன்னோர் ஆய்வில் இது ஏறத்தாழ 150 மில்லிலிட்டராக இறங்கியது. மல்லாந்து கிடப்பவரின் வயிற்றறையில் தாழ்ந்த பள்ளம் இடுப்பில்தான் இருக்கிறது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் துல்லியம் பை நிரம்பியிருந்தால்தான் கிட்டும். இங்கேதான் அவசரப் பிரிவின் நல்ல பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பலத்த காயம்பட்டவருக்குச் சிறுநீர் அளவைக் கண்காணிக்க முதல் வேலைகளில் ஒன்றாக ஃபோலி கதீட்டர் போட்டுவிடுகிறார்கள். பை வடிந்து சுருங்கிவிடுகிறது. பலகணி மூடிக்கொள்கிறது, கிழிசல் இருந்தால் அதுவும் மடிந்து மறைகிறது. அதற்குப் பிறகு வைக்கும் புரோப்புக்குக் குடலின் காற்றைத் தவிர வேறெதுவும் அகப்படாது.

சி.டி.யும் அதே இடத்தில் இடறியது

1971-இல் முதல் நோயாளியைப் படம் பிடித்த சி.டி. ஸ்கேன், எண்பதுகளில் விபத்து வயிற்றின் முதன்மைப் பரிசோதனையாக வளர்ந்தது. நரம்பில் ஏற்றிய சாயம் சிறுநீரகம் வழியாகப் பைக்குத் தானே வந்து சேரும், ஆகவே தனியாக சிஸ்டோகிராம் தேவையில்லை என்று பலர் நம்பினர். சான் பிரான்சிஸ்கோவில் மீ, மக்கனின்ச், ஃபெடர்லி ஆகியோர் 1987-இல் இந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள். தானாக நிரம்பும் பையில் அழுத்தம் போதவில்லை. அறுவையில் தெரிந்த கிழிசலை சி.டி. தவறவிட்டிருந்தது. கதீட்டர் வழியாகச் சாயத்தை மேலேற்றிப் பையை விரிய வைத்த சி.டி. சிஸ்டோகிராம்தான் நம்பத்தக்கது என்பது அதன் பின்னர் உறுதியாயிற்று. 2014-இல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, கண்ணுக்குத் தெரியும் இரத்தம் கலந்த சிறுநீரும் இடுப்பெலும்பு முறிவும் ஒருசேர இருந்தால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. அவ்விரண்டும் சேர்ந்தவர்களில் 29 விழுக்காட்டினருக்குப் பை கிழிந்திருக்கிறது என்ற கணக்கு அந்த விதிக்கு ஆதாரம். மில்லியன் கணக்கில் விலைபோகும் கருவிகூட, பிட்ஸ்பர்க் மருத்துவரின் தலைமுறை அறிந்திருந்த குழாயும் நீரும் இல்லாமல் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பதை நான் ஆழ்ந்து மதிக்கத்தக்க ஒரு வரலாற்று உண்மையாகக் கருதுகிறேன்.

கட்டிலருகே நிரப்பிப் பார்த்தல்

அல்ட்ராசவுண்ட் நிபுணர்களும் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். எண்பதுகளின் எழுத்துகளிலேயே, கிழிந்த பையைச் சூழ்ந்து நீர் தேங்கி, பைக்குள் பை இருப்பதுபோலத் தெரியும் காட்சி குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவசர மருத்துவர்கள் கையிலேயே கருவி வந்தபின் தனிநபர் நோயாளிக் குறிப்புகள் வரத் தொடங்கின. விபத்தில் கிழிந்த பையைப் படுக்கையருகு அல்ட்ராசவுண்டால் கண்டறிந்த அனுபவத்தை டெரீசா வூவும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் அவசர மருத்துவ இதழில் வெளியிட்டது பலரால் மேற்கோள் காட்டப்படும் ஒன்று. ஒன்றிரண்டு நோயாளிகளின் குறிப்புகளிலிருந்து துல்லிய விழுக்காடுகளைக் கறந்துவிட முடியாது. ஆனால் அவை செயல்முறையைத் தெளிவாக்கின.

முறை எளியது. முதலில் சிறுநீர்த் துளையில் இரத்தத் துளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய் அறுந்திருக்கலாம், சாயம் விட்டுப் படம் எடுக்கும்வரை கதீட்டர் போடக் கூடாது. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பது பாதிக் கிழிசலை முழுக் கிழிசலாக்கிவிடும். கதீட்டர் உள்ளே சென்றதும் அதன் பலூன் திரையில் வட்டமாகத் தெரிகிறது. அது பைக்குள் இருக்கிறதா, கிழிசல் வழியாக வெளியே போய்விட்டதா என்பது அப்போதே புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவரை ஏமாற்றிய அந்த நழுவிய குழாயை இப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

நிரப்புமுன் ஒருமுறை இடுப்பையும் ஈரல், மண்ணீரல் பள்ளங்களையும் பார்த்துப் படம் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு சுமார் 300 மில்லிலிட்டர் சலைனை, அழுத்தித் தள்ளாமல், உயரத்திலிருந்து தன் எடையால் இறங்கவிட வேண்டும். குழந்தைகளுக்கு வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். சலைனைக் குலுக்கி நுண்குமிழிகள் சேர்த்து விட்டால் அவை கறுப்புக்குள் வெண்புள்ளிகளாக மின்னும். அந்தப் புள்ளிகள் பைக்கு வெளியே தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. வண்ண டாப்ளரை இயக்கினால் கிழிசல் வழியே பீறிடும் ஓட்டத்தைச் சில வேளைகளில் பிடிக்கலாம். விட்ட அளவுக்குப் பை விரியவில்லை, முன்பு இல்லாத இடத்தில் நீர் சேர்ந்திருக்கிறது, அல்லது இருந்த நீர் கூடியிருக்கிறது என்றால் அது கசிவு. கடைசியாக வடித்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். பழைய சிஸ்டோகிராமின் இரண்டாவது படத்துக்கு ஈடு இது. ஐயம் எஞ்சினால் வயிற்று நீரை ஊசியால் எடுத்துக் கிரியாட்டினின் பார்த்தால் சிறுநீரா அன்றா என்று தெரிந்துவிடும்.

இதில் நிலையான ஒரு படத்தைக் காட்டிலும் மாற்றம்தான் சான்று. இரத்தமும் சிறுநீரும் ஒரே கறுப்பு என்ற பழைய குழப்பம் இங்கே தீர்கிறது: சலைன் விடும்போது கூடும் கறுப்பு, பையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முறையின் குறைகளை மறைக்கக் கூடாது. இடுப்பை இறுக்கக் கட்டிய பட்டை புரோப் வைக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும். நோயாளியின் உயிரைக் காக்கும் அந்தப் பட்டையைப் படத்துக்காகத் தளர்த்துவது தவறு. இடுப்புக்குள் உறைந்த பெரும் இரத்தக்கட்டி பையை நசுக்கிப் பேரிக்காய் வடிவத்துக்குத் தள்ளிவிடும். அதன் கலங்கிய நிறத்துக்குள் புறக்கிழிசலின் சிறு கசிவு தொலைந்துபோகும். நிரம்பிய பைக்குப் பின்னால் ஒலி கூடுதல் பிரகாசமாகத் திரும்புவதால், கருவியின் ஒலிப்பெருக்கத்தைக் குறைக்காவிட்டால் பின்பள்ளத்தின் மெல்லிய நீர்க்கோடு வெளிச்சத்தில் கரைந்துவிடும். பெண்களுக்கு அந்தப் பள்ளத்தில் இயல்பாகவே சிறிது நீர் இருக்கலாம். பருத்த உடலிலும், தோலடியில் காற்றுப் புகுந்த உடலிலும் எதுவும் சரியாகத் தெரியாது. கிழிசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்ற கேள்விக்கு, நீர் ஈரல் பள்ளம்வரை ஏறினால் உட்கிழிசல் என்று துணியலாம். அதற்கு மேல் அறுதியிட்டுச் சொல்ல சி.டி. சிஸ்டோகிராமே வேண்டும். ஆகவே என் கணிப்பு இது: நிரப்பிப் பார்த்த அல்ட்ராசவுண்ட் கசிவு உண்டு என்றால் நம்பிச் செயல்படலாம். இல்லை என்றால் அந்த இல்லையை நம்பக் கூடாது.

எங்கே இது உண்மையில் கைகொடுக்கும்? சி.டி. அறைக்கு நகர்த்த முடியாத அளவு தளர்ந்தவரிடம், சி.டி. இல்லாத, அல்லது இரவில் இயங்காத மருத்துவமனையில். நேரே அறுவை அரங்குக்குப் போய்விட்டவரிடம். இன்னொரு வகை நோயாளியும் உண்டு. குடிபோதையில் விழுந்து அடிபட்டதையே மறந்து, இரண்டு மூன்று நாள் கழித்து வயிறு உப்பி வருபவர். வயிற்றறைக்குள் கொட்டிய சிறுநீரை வயிற்றுறை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பதால் யூரியாவும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். சிறுநீரகம் பழுது என்றோ ஈரல் நோயால் வந்த நீர் என்றோ அவரை வேறு வார்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. வயிறு நிறைய நீர், நடுவே சுருங்கிய வெறும் பை என்ற காட்சியைக் கட்டிலருகே கண்ட ஒரு மருத்துவர் அந்த நோயாளியின் பாதையை மாற்றிவிட முடியும்.

இந்தியச் சட்டமும் கட்டிலருகு கருவியும்

இந்த வரலாற்றை இந்தியாவில் தொடர்பவர் ஒரு சட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். கருவின் பாலினம் அறிந்து பெண் சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்த கரு பால் தெரிவு தடைச் சட்டம் நாளடைவில் ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 927 பெண் குழந்தைகளே இருந்த நாட்டில் அதன் தேவையை மறுக்க எவருக்கும் மனம் வராது. 2012 விதித்திருத்தம் இடம்விட்டு இடம் தூக்கிச் செல்லும் கருவிகளை மேலும் இறுக்கியது. இச்சட்டம் குறிவைத்தது கருவைத்தான். ஆயினும் தூக்கிச் செல்ல முடிவதுதான் அவசரப் பிரிவுக்குக் கருவியின் முதல் தகுதி. பதிவு, பயிற்சித் தகுதி, யார் தொடலாம் என்ற கேள்விகளால் பல இடங்களில் கருவி எக்ஸ்-ரே துறையின் பூட்டிய அறையிலேயே தங்கிவிட்டது. அவசர மருத்துவம் 2009-இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சிலால் தனித்துறையாக ஏற்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவியைக் கேட்டு வாதாட ஒரு துறையே அதுவரை இல்லை. பெண் குழந்தைகளைக் காக்கும் கட்டுப்பாடு ஒரு நூலிழையும் தளராமல், பதிவுபெற்ற கருவியை விபத்துப் பிரிவிலேயே வைத்து, பயிற்சிபெற்ற அவசர மருத்துவரின் பெயரை அதில் சேர்ப்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. அந்த வழியில் நடக்க நிர்வாகம் முன்வர வேண்டும்.

செலவில்லாமல் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஃபாஸ்ட் பரிசோதனையின் முடிவை எழுதும்போது, அடிவயிற்றில் நீர் உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே பெரும்பாலும் குறிக்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் பார்த்த வேளையில் பை நிரம்பியிருந்ததா, வெறுமையாக இருந்ததா, கதீட்டர் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, சலைன் விட்டிருந்தால் எத்தனை மில்லிலிட்டர் என்ற விவரத்தையும் எழுத வேண்டும். வெறும் பையோடு பார்த்து நீர் இல்லை என்று எழுதிய தாளை, அடுத்த ஷிப்டில் வரும் மருத்துவர் நிரம்பிய பையோடு பார்த்த தாளாக எண்ணிவிடக் கூடாது. அவ்விவரம் தாளில் இருந்தால், இடுப்பெலும்பு முறிந்து சிறுநீரில் இரத்தம் வரும் நோயாளிக்கு சிஸ்டோகிராம் இன்னும் பாக்கியிருக்கிறது என்பதை அவர் தாளைப் பார்த்தவுடனே அறிந்துகொள்வார்.